உள் வட்டத்துக் கிண்ணம்

மர்லிஸ் கோஸ்கி குடியை விட்டுப் பதினோரு மாதமும் மூன்று வாரமும் ஆகியிருந்தன. வருகிற சனிக்கிழமை வந்தால் ஒரு வருடம். அன்றைக்கு அவளுடைய அக்கா ஜோலீன் கிரீன் பேயிலிருந்து நாலு மணி நேரம் காரோட்டிக்கொண்டு வருவாள். பின்சீட்டில் ஹேஸல் இருப்பாள். ஹேஸல் மர்லிஸின் மகள், எட்டு வயது. அன்று அவள் அம்மா வீட்டில் தங்குவாள்.

போன வருடம் பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வரும்போதுதான் மர்லிஸ் காரைப் பனிமேட்டுக்குள் விட்டாள். வேலை பார்க்கும் சலவைக் கூடத்தில் துணிக்கு வாசனை போடும் திரவத்தின் பாட்டிலில் வோட்காவை ஊற்றி வைத்துக்கொண்டு அன்று காலையிலிருந்தே குடித்திருந்தாள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் எழுப்பி எழுப்பிப் பார்த்தும் அம்மா எழுந்திருக்காததால், ஹேஸல் கதவைத் தள்ளித் திறந்து, முழங்கால் வரை புதைகிற பனியில் அரை மைல் நடந்து போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தாள். ஜோலீன் அன்று மாலையே வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். தடுக்க யாரும் இல்லை. தகப்பன் என்று ஒருவன் அலாஸ்காவுக்கு மீன்பிடிக்கப் போனவன், போனவன்தான்.

"ஒரு வருஷம்," என்றாள் ஜோலீன் வாசலில் நின்று. "முழுசா ஒரு வருஷம். அதுக்கு முன்னாடி அவளைக் கேக்காத."

மர்லிஸ் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் போனில் பத்து நிமிடம் பேசினாள். வாரம் மூன்று நாள் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் நடக்கும் கூட்டத்துக்குப் போனாள். குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு வருடம் நிறைந்தவருக்கு ஒரு நாணயம் கொடுப்பார்கள். ஒருவர் மூன்றாம் மாதத்தில் பறவைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது என்பார். இன்னொருவருக்குக் காப்பியின் மணம் திரும்பி வந்தது. ஒருத்தி ஏரியைப் பார்த்து அழுதாளாம். மர்லிஸுக்கு ஒன்றும் வரவில்லை. சுப்பீரியர் ஏரி அவள் வீட்டு ஜன்னலிலேயே தெரியும். அது தண்ணீராக இருந்தது, பிறகு உறைந்து போயிற்று. முதியோர் இல்லத்தின் சலவைக் கூடத்தில் துண்டுகளை மூன்றாக மடித்து அடுக்கினாள். சூடான துண்டு கையில் பட்டால் சூடு என்று தெரியும், அவ்வளவுதான். குடித்த காலத்தில் வெட்கமாவது இருந்தது. இப்போது அதுவும் எங்கோ போயிருந்தது.

"அது அப்படித்தான், உடம்பு பூட்டிக்கும்," என்பாள் டெஸ்ஸா. கூட்டத்தில் மர்லிஸுக்குத் துணையாக இருப்பவள் அவள். மர்லிஸைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். டயர் கடையில் வேலை. கழுத்தில் மீன் பச்சை குத்தியிருப்பாள். "எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. நாய் செத்துப் போச்சு, அப்பக்கூட அழலை. நாய்க்குக் கோவம் வந்திருக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் திருவிருந்து, அப்பமும் ஒயினும் கொடுக்கும் ஆராதனை. அவர்கள் சபையில் எல்லோருக்கும் ஒரே கிண்ணம் கிடையாது. கட்டைவிரல் அளவு கண்ணாடிக் கிண்ணங்கள் வட்டத் தட்டில் மூன்று வரிசையாக இருக்கும். வெளி இரண்டு வரிசையில் ஒயின். உள் வட்டத்தில் மட்டும் திராட்சை ஜூஸ். ஒயின் ஆகாதவர்கள் உள் வட்டத்தில் எடுப்பார்கள். இந்தக் குளிர்காலத்தில் அப்படி எடுப்பவள் மர்லிஸ் ஒருத்திதான். ஈரல் கெட்டுப்போன இன்னொரு பெரியவர் பனிக்குப் பயந்து புளோரிடா போயிருந்தார்.

கிண்ணங்களை நிரப்புவது ஆர்டிஸ் அம்மாளின் வேலை. எழுபத்தைந்து வயது. பலிபீடத்து விரிப்பில் கறை படுகிறது என்று இந்த வருடம் சிவப்பு ஒயினை நிறுத்திவிட்டு வெள்ளை ஒயின் வாங்கியிருந்தாள். ஜூஸும் வெள்ளைத் திராட்சையில்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்று.

மர்லிஸ் மண்டியிட்டு, எப்போதும்போல உள் வட்டத்தில் ஒரு கிண்ணத்தை எடுத்து, எப்போதும்போல ஒரே வாயில் குடித்தாள். நாக்கில் பட்ட உடனே தெரிந்துவிட்டது. துப்ப முடியாது. முன்னால் ஆயர் நிற்கிறார், பக்கத்தில் ஆள் இருக்கிறது. அது தொண்டையில் இறங்கியது. இறங்கிய வழியெல்லாம் ஒரு வெதுவெதுப்பு. காதுமடல் வரை வந்தது. அடுத்திருந்தவருடைய ஸ்வெட்டரில் நாப்தலின் வாசனை அடிப்பது தெரிந்தது. ஆர்கன் சத்தம் மார்க்கூட்டைத் தொட்டது. பதினோரு மாதத்துக்குப் பிறகு அவள் தான் இருக்கும் இடத்தில் இருந்தாள்.

நான்கைந்து நிமிடம் இருந்திருக்கும். பிறகு போய்விட்டது.

ஆராதனை முடிந்ததும் தட்டைக் கழுவ அவள்தான் உதவுவாள். ஜெபித்த மீதியைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது என்பது ஆர்டிஸின் கண்டிப்பு. பின்கதவைத் திறந்து வெளியே மண்ணில் ஊற்ற வேண்டும். மார்ச் மாதத்தில் மண் எங்கே இருக்கிறது, பனிதான். மர்லிஸ் தட்டை எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போனாள். உள் வட்டத்தில் பதினோரு கிண்ணம் மீதி இருந்தது. பத்தை ஒவ்வொன்றாகப் பனியில் கவிழ்த்தாள். பதினொன்றாவதைக் குடித்தாள்.

ஒன்றும் வரவில்லை. புளித்தது, சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். முதல் கிண்ணத்தில் வந்தது இதில் வரவில்லை. அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய் வெந்நீரில் கிண்ணங்களைக் கழுவித் துடைத்து வைத்தாள்.

காப்பி நேரத்தில் ஆர்டிஸ் முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "புதன்கிழமை தவக்கால ஆராதனைக்கும் திருவிருந்து வைக்கணும்னு ஆயர் சொல்றார். நான் சூப்பைப் பாப்பேனா, கிண்ணத்தைப் பாப்பேனா? யாராவது தட்டை நிரப்பிக் குடுத்தா புண்ணியமாப் போகும்."

"நான் பண்றேன்," என்று ஒரு குரல் சொன்னது. அது தன்னுடைய குரல் என்று மர்லிஸுக்கு ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது.

"நல்லா இருப்ப!" ஆர்டிஸ் கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றிச் சாவியை அவள் கையில் வைத்தாள். "அலமாரி சாவி. நீயே வெச்சுக்கோ. என்னால ஏணி ஏற முடியல."

தினமும் காலை ஏழு மணிக்கு டெஸ்ஸாவைக் கூப்பிட வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. திங்கட்கிழமை கூப்பிட்டாள்.

"நேத்து திருவிருந்துல ஜூஸுக்குப் பதிலா ஒயின் வந்துடுச்சு," என்றாள்.

"என்னது?"

"தெரியாமக் குடிச்சுட்டேன். யாரோ மாத்தி ஊத்திட்டாங்க."

டெஸ்ஸா சிரித்தாள். "அடக் கடவுளே. அவரே ஊத்திக் குடுத்தா நீ என்ன பண்ணுவ? அது கணக்குல வராது மர்லிஸ். நீ கை நீட்டலையே. எதுக்கும் உன் பலிபீடத்து ஆளுங்ககிட்ட ஒரு கோகோ கோலா வெக்கச் சொல்லு." பிறகு குரல் மாறியது. "அதுக்கப்புறம் ஏதாவது தோணுச்சா?"

"ஒண்ணும் தோணல."

அது பொய் இல்லை. அதனால்தான் சொல்ல சுலபமாக இருந்தது. மர்லிஸ் போனை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். செவ்வாய்க்கிழமையும் ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். டெஸ்ஸா சனிக்கிழமைக்கு என்ன கேக் வேண்டும் என்று கேட்டாள். எது வேண்டுமானாலும் சரி என்றாள். அன்று சலவைக் கூடத்தில் துண்டு மடிக்கும்போது நடுநடுவே ஏப்ரன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாவி இருந்தது. ஏன் தொடுகிறோம் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால், தொலைந்துவிடக்கூடாதே என்றுதான் பதில் சொல்லியிருப்பாள்.

புதன்கிழமை இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. மூன்று மணிக்குத் தேவாலயத்தில் இருந்தாள். கீழே சமையலறையில் பட்டாணி சூப் கொதிக்கிற வாசனை படியேறி வந்தது. ஆர்டிஸ் வானொலியோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் மர்லிஸ் ஏணியைப் போட்டு ஏறி, அலமாரியைத் திறந்து, ஒயின் பாட்டிலையும் ஜூஸ் பாட்டிலையும் இறக்கினாள். குழாய் வைத்த ஒரு பிளாஸ்டிக் பாட்டில் உண்டு. அதில் ஊற்றி, அழுத்தி அழுத்திக் கிண்ணங்களை நிரப்ப வேண்டும். முதலில் உள் வட்டத்துக்கு ஜூஸ். இரண்டு முறை முகர்ந்து பார்த்து ஊற்றினாள். பிறகு ஒயின். வெளி வரிசை, நடு வரிசை. கை நன்றாக வேலை செய்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. சனிக்கிழமை ஹேஸலுக்கு என்ன சமைப்பது என்று யோசித்தாள். இறைச்சியும் டர்னிப் கிழங்கும் உள்ளே வைத்துச் சுடும் பேஸ்டி அவளுக்குப் பிடிக்கும், டர்னிப்பை மட்டும் பொறுக்கித் தட்டில் வைத்துவிடுவாள். டர்னிப் போடாமல் ஒன்று தனியாகச் செய்யலாம்.

தட்டை மூடிவிட்டுத் திரும்பினாள். ஜன்னல் விளிம்பில் ஒரு கிண்ணம் இருந்தது.

நிரம்பியிருந்தது. மற்றதெல்லாம் அரையளவு, இது விளிம்பு வரை. பக்கத்தில் ஒரு காகிதக் கைக்குட்டை கூட மடித்து வைத்திருந்தது, மூன்றாக.

அவள் ஊற்றியதுதான். அறையில் வேறு யாரும் இல்லை. எப்போது ஊற்றினாள் என்று நினைத்துப் பார்த்தாள். ஜூஸ் ஊற்றியது நினைவிருந்தது, வெளி வரிசை நினைவிருந்தது, டர்னிப் நினைவிருந்தது. இது நினைவில் இல்லை. இதை ஊற்றும்போது அவள் வேறு எங்கோ இருந்திருக்கிறாள்.

பயம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தால் அவ்வளவுதான் விஷயம். சனிக்கிழமை வரும். கேக் வரும். ஹேஸல் வருவாள். பிறகு அடுத்த புதன்கிழமையும் வரும், சாவி பையில் இருக்கும். என்றைக்காவது ஒரு நாள் பள்ளியிலிருந்து ஹேஸலைக் கூட்டிவரப் போக வேண்டியிருக்கும்.

அவள் போனை எடுத்தாள். ஐந்து தரம் மணி அடித்த பிறகு டெஸ்ஸா எடுத்தாள். பின்னால் காற்றடிக்கும் இயந்திரம் இரைந்தது.

"என்ன மர்லிஸ், இந்த நேரத்துல?"

"நான் ஒரு கிண்ணம் அதிகமா ஊத்தி வெச்சிருக்கேன்."

"என்ன ஊத்தி வெச்சிருக்க? சத்தமாச் சொல்லு!"

"ஒயின். தேவாலயத்துல. அலமாரி சாவி என்கிட்ட இருக்கு. நானா கேட்டு வாங்கினேன்."

இயந்திரம் நின்றது. "குடிச்சியா?"

"இன்னும் இல்ல." மர்லிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஞாயித்துக்கிழமை ரெண்டு. ஒண்ணு தெரியாம. இன்னொண்ணு பின்கதவுகிட்ட நின்னு. அதை உன்கிட்ட சொல்லல."

திட்டுவாள் என்று மர்லிஸ் காத்திருந்தாள்.

"அங்க வேற யாராவது இருக்காங்களா?"

"கீழ ஆர்டிஸ் இருக்காங்க. சூப் வெக்கறாங்க."

"கீழ போ. இப்பவே. போனைக் கட் பண்ணாத, கையிலயே வெச்சுக்கிட்டுப் படி இறங்கு. சூப்பைக் கிண்டு, உப்புப் பாரு, கிழவியோட சண்டை போடு, என்ன வேணா பண்ணு. நான் பத்து நிமிஷத்துல வர்றேன். அந்தக் கிண்ணத்தைத் தொடாத. கீழ ஊத்தறேன்னும் கையில எடுக்காத."

மர்லிஸ் படி இறங்கினாள். ஆர்டிஸ் ஆளுயரக் கரண்டியோடு நின்றாள்.

"முடிஞ்சுதா? எவ்வளவு சீக்கிரம்! நான் பண்ணா ரெண்டு மணி நேரம்."

மர்லிஸ் சாவியை மேசைமேல் வைத்தாள். "இது எனக்கு வேணாம்மா. என்கிட்ட இருக்கக்கூடாது."

"ஏன்மா? ஏணி ஆடுதா?"

"ஏணி நல்லாத்தான் இருக்கு. நான் குடிக்கிறவ. உங்களுக்குத் தெரியும்."

"அது அப்போ," என்றாள் ஆர்டிஸ். "இப்பதான் விட்டுட்டியே. ஊரே சொல்லுது, சனிக்கிழமையோட வருஷமாகுதுன்னு. உனக்கு நான் கம்பளிக் காலுறை பின்னியிருக்கேன், தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை உள் வட்டத்துல ஒயின் இருந்துச்சு."

ஆர்டிஸின் கரண்டி நின்றது. எதையோ கணக்குப் போடுகிற முகம். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "அதான் ஜூஸ் பாட்டில் மூடி திறக்காமலே இருந்துச்சா! ரெண்டு வாங்கிட்டேன் போலன்னு நினைச்சேனே. என் தங்கச்சி போன் பண்ணா, நடுவுல, அவ நாய்க்குப் பல் புடுங்கினதைப் பத்தி… ஐயோ மர்லிஸ். நான் உனக்கு என்ன பண்ணிட்டேன்?"

"முதல் கிண்ணம் உங்களோடது," என்றாள் மர்லிஸ். "ரெண்டாவது என்னோடது. மிச்சத்தைக் கொட்டப் போனப்ப குடிச்சேன். இப்ப மூணாவது மேல ஜன்னல்ல இருக்கு."

ஆர்டிஸ் அழுதாள். மர்லிஸ் கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கி, சூப் அடிப்பிடிக்காமல் கிண்டினாள். யாராவது அழுதால் தோளைத் தொட வேண்டும் என்று நினைவு வந்து, இடது கையால் தொட்டாள். மேசைமேல் வைத்திருந்த போனிலிருந்து டெஸ்ஸாவின் குரல் வந்தது: "யார் அழறது? நீயா?"

"நான் இல்ல."

"சரி. ரெண்டாவது சிக்னல்ல இருக்கேன்."

டெஸ்ஸா டயர் கடை மேலங்கியோடு, முழங்கை வரை கறுப்பாக, பூட்ஸில் பனியை இழுத்துக்கொண்டு வந்தாள். நேரே மேலே போனாள். கிண்ணத்தை ஒரு கையில் தூரமாகப் பிடித்துக்கொண்டு, செத்த எலியைக் கொண்டுவருகிறவள் மாதிரி இறங்கி வந்தாள்.

"இதை எங்க ஊத்தணும்? பின்கதவுக்கு வெளியவா?"

ஆர்டிஸ் மூக்கைச் சிந்தினாள். "இன்னும் ஜெபம் பண்ணலம்மா. இப்ப அது வெறும் ஒயின். சிங்க்லயே ஊத்து."

டெஸ்ஸா ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டாள். தேவைக்கு அதிகமாகவே தண்ணீர் ஓடியது.

பிறகு இருவரும் டெஸ்ஸாவின் லாரியில் உட்கார்ந்தார்கள். ஹீட்டர் கால்களில் மட்டும் அடித்தது. வாகன நிறுத்தத்தில் பனிமேடுகள் ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறமாக நின்றன.

"திங்கள் காலைல நான் சிரிச்சேன்," என்றாள் டெஸ்ஸா. "ஜோக் அடிச்சேன். அடுத்தது என்னன்னு கேட்டிருக்கணும்."

"கேட்ட. நான்தான் சொல்லல."

"சொல்லல," என்று டெஸ்ஸா ஒத்துக்கொண்டாள். "சனிக்கிழமை நாணயத்தை உன் கையில நான் குடுக்க முடியாது. அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"திங்கள்ல இருந்து எண்ணினா இன்னிக்கு மூணு."

"மூணு."

"உன் அக்காகிட்ட சொல்லப் போறியா? அது உன் இஷ்டம். நான் இதுல வாய் திறக்க மாட்டேன்."

மர்லிஸ் ஜோலீனின் எண்ணை அழுத்தினாள். ஜோலீன் எடுத்த உடனே, சனிக்கிழமை வழியில் பனிப்புயல் வருமாம், வெள்ளியே கிளம்பலாமா என்று கேட்டாள். மர்லிஸ் அவளை முடிக்கவிட்டு, பிறகு சொன்னாள். முதல் கிண்ணம், இரண்டாவது, சாவி, ஜன்னல். ஒரு பட்டியலைப் படிக்கிற குரலில் வந்தது. வேறு குரல் அவளிடம் இல்லை.

"யாராவது பாத்துட்டாங்களா?" என்று கேட்டாள் ஜோலீன்.

"இல்ல அக்கா."

"அப்புறம் எதுக்குச் சொல்ற?"

"சொல்லலைன்னா நீ அவளைக் கூட்டிட்டு வந்துடுவ."

ஜோலீன் பக்கம் தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள், பிறகு அது அணைக்கப்பட்டது. "விரல் நீளக் கிண்ணம்," என்றாள். "ஒரு விரல் நீளம். இவ்ளோ நாள் இருந்துட்டு… நீ இப்படிப் பேசறது எனக்கு எரிச்சலா வருது, தெரியுமா? அழவாவது செய்யேன்."

"வரல அக்கா."

"சனிக்கிழமை இல்ல. மறுபடி ஒரு வருஷமான்னு கேக்காத, எனக்குத் தெரியல. யோசிக்கணும்." மூச்சை இழுத்தாள். "ஆனா அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். போன தடவையும் நான்தான் சொன்னேன். இந்தத் தடவை நீயே சொல்லு. ஹேஸல்! அம்மா."

காலடிச் சத்தம் ஓடி வந்தது. "அம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே!"

"இல்ல கண்ணு. ஒண்ணு சொல்லணும்." டெஸ்ஸா முகத்தைத் திருப்பிக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டாள். "நான் குடிச்சுட்டேன். கொஞ்சம்தான். ஆனா குடிச்சுட்டேன். அதனால சனிக்கிழமை நீ வர முடியாது."

"காருல குடிச்சியா?"

"இல்ல. காருல இல்ல."

"தூங்கிட்டியா?"

"தூங்கல."

ஹேஸல் யோசித்தாள். "அப்போ முதல்ல இருந்து எண்ணணுமா?"

"ஆமா."

"எத்தனை ஆச்சு?"

"மூணு நாள்."

"சரி," என்றாள் ஹேஸல். போனை எங்கோ வைத்தாள். ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. எதையெதையோ வெளியே எடுத்து வைக்கிற சத்தம், ஒவ்வொன்றாக. பை ஏற்கெனவே கட்டி வைத்திருந்திருக்கிறாள். பிறகு திரும்ப வந்தாள்.

"அம்மா, புது பைஜாமாவை மட்டும் உள்ள விட்டுடவா? நரி படம் போட்டது. உன் வீட்டுக்குன்னு வாங்கினது."

"விட்டுடு."

"ஆனா ஒரு வருஷத்துல எனக்கு அது சின்னதாயிடும்ல?"

மர்லிஸ் அதை யோசித்துப் பார்த்தாள். ஹேஸல் இப்போது எவ்வளவு உயரம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆயிடும்," என்றாள்.

"அப்போ இங்கயே போட்டுக்கறேன்," என்றாள் ஹேஸல். மறுபடி ஜிப் சத்தம். "நாளைக்கு நாலு ஆகும்ல? நாளைக்கும் போன் பண்ணி சொல்றியா?"

"உன் பெரியம்மாகிட்ட கேளு."

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குழந்தை யாரிடமோ கேட்பதும், நீண்ட நேரம் பதில் வராததும் மர்லிஸுக்குக் கேட்டது. லாரியின் ஹீட்டர் அவள் கால்விரல்களைச் சுட்டது. அவள் காலை நகர்த்தாமல் காத்திருந்தாள்.